உயிரோடிருக்கும் பிள்ளைக்காகத் துக்கிப்பவர்கள்

(வத்தலக்குண்டில் நடந்த ஆதரவாளர் கூடுகையில் எங்கள் ஆஸ்பத்திரிப் போதகர் ஆற்றிய உரை)



எத்தனை பிரசவம், எத்தனை ஆபரேஷன், எத்தனை பாம்புக்கடி என்று இந்தக் கூடுகையில் கணக்குச் சொல்வது வழக்கம். அதை டாக்டரம்மா முன்னமே சொல்லிவிட்டார்கள். எக்ஸ்ரேயிலும் இரத்தப் பரிசோதனையிலும் தென்படாத ஒரு காயத்தைக் குறித்து நாங்கள் பேச வந்திருக்கிறோம். பேசுவதற்குத் தயக்கம் உண்டு. இந்தக் காரியத்தில் நாங்களே ஒருமுறை பெருந்தவறு செய்திருக்கிறோம். அதையும் மறைக்காமல் உங்கள் முன் வைக்கிறோம்.

மலைப்பாதையில் பிரிந்தவர்கள்

நம் ஊர் பஸ் நிலையத்தில் நின்றால் கொடைக்கானல் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாய் மலைக்குப் புறப்படுவதைப் பார்க்கிறோம். ஜூன் மாதத்தில் சில பஸ்களில் டிரங்குப் பெட்டியும் புதுப் படுக்கையுமாகப் பிள்ளைகள் இருப்பார்கள். மலையிலுள்ள விடுதிப் பள்ளிகளுக்குப் போகிறவர்கள். கீழே இறங்கும் பஸ்ஸில் அவர்களுடைய தாய் தகப்பன்மார் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவார்கள்.

இந்த வழிக்கு அது புதிதல்ல. சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தங்கள் குடும்பங்களைப் பறிகொடுத்த மதுரை அமெரிக்கன் மிஷன் மிஷனரிமார் 1845-ல் கொடைக்கானலில் தங்கள் முதல் வீடுகளைக் கட்டினார்கள். 1901-ல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக அங்கே ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. ஹைகிளர்க் என்று நெடுங்காலம் அழைக்கப்பட்ட அதுவே இன்று கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். மோட்டார் ரோடு இல்லாத அந்நாளில் கால்நடையாகவும் டோலியிலும் மலையேறி, பிள்ளையை விட்டுவிட்டுத் தனியே இறங்கிய தாய்மார் அழாமலா இருந்திருப்பார்கள்? ஆனாலும் கடிதம் போயிற்று, பதில் வந்தது, விடுமுறையும் வந்தது. "உன் அம்மா உன்னை நேசிக்கிறாள்" என்று பிள்ளைக்குச் சொல்ல அங்கே மனிதர் இருந்தார்கள்.

இப்போது நாங்கள் பேசப்போகும் பிரிவில் அது ஒன்றும் கிடையாது. கடிதம் கிழிக்கப்படும். போன் எடுக்கப்படாது. "உன் அம்மாவுக்கு நீ வேண்டாமாம்" என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கப்படும். சொல்லிக்கொடுப்பது அந்தப் பிள்ளையின் சொந்தத் தகப்பனாகவோ தாயாகவோ இருக்கும்.

நாங்கள் செய்த தவறு

ஏறக்குறைய 12 ஆண்டுகளுக்கு முன் வெற்றிலைக் கொடிக்கால் உள்ள ஒரு கிராமத்திலிருந்து ஒரு சகோதரி அடிக்கடி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். (ஆளை அடையாளம் காணக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.) நெஞ்சு வலி என்பார்கள். இ.சி.ஜி. சரியாக இருக்கும். தலைவலி, தூக்கமின்மை என்பார்கள். மாத்திரை கொடுத்து அனுப்புவோம். நான்காம் முறை வந்தபோது டாக்டரம்மா, "போதகரிடம் கொஞ்சம் பேசுங்கள்" என்று எங்களிடம் அனுப்பினார்கள்.

கணவர் அடிக்கிறாரா என்று கேட்டோம். இல்லை என்றார்கள். குடிக்கிறாரா? இல்லை. வேறு தொடர்பு? அதுவும் இல்லை. சேகரத்திலே நல்ல பெயர் எடுத்தவர், பாடகர் குழுவில் பாடுகிறவர். பின்னே என்ன குறை என்று எங்கள் மனதிலும் தோன்றியது. அந்தச் சகோதரி தரையைப் பார்த்தபடியே சொன்னார்கள்:

"ஐயா, ஒரு சின்ன வார்த்தை பிடிக்கலேன்னா பத்து நாள், இருபது நாள் பேசமாட்டாரு. நான் காலைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்கணும். என்ன தப்புன்னு கேட்டா அதுவே இன்னொரு தப்பு. நேத்து சொன்னதை நான் சொல்லவே இல்லைம்பாரு. உனக்குப் புத்தி சரியில்லைம்பாரு. இப்ப எனக்கே சந்தேகமா இருக்குய்யா, எனக்குப் புத்தி சரியில்லையோன்னு."

அவர்கள் ஒரு பள்ளியில் வேலை பார்த்தார்கள். சம்பளம் வந்த அன்றே ஏ.டி.எம். கார்டு கணவர் கைக்குப் போய்விடும். தாய் வீட்டுக்குப் போன் பேசினால் பக்கத்தில் நின்று கேட்பார். வெளியே வந்தால் மனைவியைப் புகழ்வார்.

நாங்கள் என்ன செய்தோம்? "பொறுத்துக்கொள்ளம்மா. அடி இல்லை, குடி இல்லை. இதைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனையோ பேர். ஜெபம் பண்ணு, கர்த்தர் அவரை மாற்றுவார்" என்று சொல்லி, ஜெபித்து, அனுப்பிவிட்டோம். அதோடு நில்லாமல், அடுத்த வாரம் கணவரையும் வரவழைத்து, அவர் மனைவி எங்களிடம் சொன்னவற்றில் சிலவற்றை நல்லெண்ணத்தோடு அவரிடம் எடுத்துச் சொன்னோம். அவர் மிகுந்த தாழ்மையோடு கேட்டுக்கொண்டார், எங்களுக்கு நன்றியும் சொன்னார். அன்று இரவு அந்த வீட்டில் என்ன நடந்தது என்பது இரண்டு ஆண்டுகள் கழித்தே எங்களுக்குத் தெரிந்தது. பிறகு அந்தச் சகோதரி எங்களிடம் வரவேயில்லை. வராதது குணமானதற்கு அடையாளம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவர்களை வார்டில் பார்த்தோம். உயிரை விட்டுவிடலாம் என்று எண்ணி, தேவ கிருபையால் காப்பாற்றப்பட்டு வந்திருந்தார்கள். வீட்டை விட்டு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆறு வயது மகன் தகப்பனிடம். பள்ளிக்கூட வாசலில் காத்திருந்து மகனைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். அவன் நின்று, "நீங்க எதுக்கு வந்தீங்க? நீங்கதான் எங்களை விட்டுட்டுப் போயிட்டீங்களே" என்றானாம். அதுவரை தாயை "நீ, வா, போ" என்று அழைத்த பிள்ளை, அந்நியரிடம் பேசுவதுபோல் "நீங்க" என்றான். "அந்த ஒரு வார்த்தைதான் ஐயா தாங்க முடியலே" என்றார்கள்.

அந்தக் கட்டில் அருகே நாங்கள் முதலில் செய்தது ஜெபம் அல்ல. அந்தச் சகோதரியிடம் மன்னிப்புக் கேட்டோம்.

இதற்குப் பெயர் உண்டு

கிரேக்கப் பழங்கதையில் நார்சிசஸ் என்ற வாலிபன் தண்ணீரில் தன் உருவத்தைக் கண்டு அதன்மேலேயே மோகம் கொண்டு அழிந்தான். தன்னைத் தவிர வேறொருவரையும் நேசிக்க இயலாத நிலைக்கு அவன் பெயரால் நார்சிசம் என்றும், தமிழில் தன்மோகம் என்றும் சொல்கிறார்கள். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் இதன் முற்றிய நிலையை ஓர் ஆளுமைக் கோளாறாகச் சேர்த்தது.

இந்தப் பெயரை எடுத்து யார்மேலும் ஒட்டிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். கோபக்காரர், பெருமைக்காரர், கஞ்சர் யாவரும் இந்தக் கோளாறு உடையவர்கள் அல்லர். அதைத் தீர்மானிக்க வேண்டியவர் மனநல மருத்துவர். நாம் பார்க்க வேண்டியது செய்கையை. பல நாள் பேசாமலிருந்து தண்டிப்பது, நடந்ததை நடக்கவில்லை என்று சாதிப்பது, பணத்தையும் உறவையும் பறிப்பது, ஒருபோதும் மன்னிப்புக் கேளாதது, வெளியே ஒரு முகமும் உள்ளே ஒரு முகமும் காட்டுவது: இவை கொடுமைகளே. நம் தேசத்தின் சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. 2006-ல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம், உடல் வன்முறையோடு வார்த்தையாலும் மனதாலும் செய்யும் கொடுமையையும், பணத்தால் செய்யும் கொடுமையையும் வன்முறை என்றே கணக்கிடுகிறது. சட்டம் கண்டுகொண்டதை ஊழியக்காரராகிய நாங்கள் கண்டுகொள்ளவில்லை.

இப்படிப்பட்டவரை விட்டுத் துணைவர் விலகும்போது, கையில் மீதியிருக்கும் ஆயுதம் பிள்ளையே. பிள்ளைமேல் பாசமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் விலகிப்போனவரைத் தண்டிக்கவேண்டும் என்ற வைராக்கியம் அந்தப் பாசத்தை விழுங்கிவிடுகிறது.

தாய்மார் மட்டுமே இப்படித் துன்பப்படுகிறார்கள் என்று எண்ணவேண்டாம். கீழ்ப்பழனி மலையில் காப்பித் தோட்டங்கள் உள்ள பகுதியிலிருந்து சர்க்கரை நோய்க்கு வரும் ஒரு ஜீப் டிரைவர் எங்களுக்குத் தெரியும். மனைவி மகளை எடுத்துக்கொண்டு போய், இருக்குமிடத்தையே மறைத்துவிட்டாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர் வத்தலக்குண்டு கடைத்தெருவில் ஒரு கவுன் வாங்குவார். "எத்தனை வயசுப் பிள்ளைக்கு?" என்று கடைக்காரர் கேட்பார். ஆறு வயசு, அடுத்த ஆண்டு ஏழு வயசு என்று சொல்லி வாங்கி, ஒரு பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறார். ஒன்பது கவுன்கள் இருக்கின்றன. சர்க்கரை ஏன் குறையவில்லை என்று அவரிடம் கேட்டுக் கேட்டு நாங்கள் சலித்தோம். பெட்டியைப் பற்றி நர்ஸ் ஒருவர் கேட்டறிந்த பின்புதான் எங்களுக்குப் புரிந்தது.

யாக்கோபின் துக்கம்

ஆதியாகமம் 37-ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசித்துப் பாருங்கள். இரத்தத்தில் தோய்ந்த அங்கியைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். யாக்கோபு தன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு துக்கிக்கிறார். ஆறுதலை ஏற்க மறுக்கிறார். யோசேப்போ எகிப்தில் உயிரோடிருக்கிறான். விற்கப்பட்டபோது அவனுக்கு வயது ஏறக்குறைய 17. பார்வோனுக்கு முன் நின்றபோது 30. செழிப்பான ஏழு ஆண்டுகளும் பஞ்சத்தின் இரண்டு ஆண்டுகளும் சேர்த்துப் பார்த்தால், தகப்பனும் மகனும் ஏறத்தாழ 22 ஆண்டுகள் பிரிந்திருந்தார்கள். அத்தனை ஆண்டுகளையும் விழுங்கியது ஒரு பொய்.

இன்னொன்றையும் கவனியுங்கள். துக்கித்த யாக்கோபுக்கு ஆறுதல் சொல்ல எழுந்து வந்தவர்களில் அந்தப் பொய்யைச் சொன்னவர்களும் இருந்தார்கள். இத்தனை காலம் இந்த வேதபகுதியைப் பிரசங்கித்தும் இதை நாங்கள் கவனிக்கவில்லை. கொடுமை செய்கிறவரே ஊருக்கு முன் ஆறுதல்காரராக நிற்கக்கூடும். "என் மனைவிக்கு மனசு சரியில்லை, அவளுக்காக ஜெபியுங்கள்" என்று அவரே ஜெபக் குறிப்பும் கொடுக்கக்கூடும்.

இறந்தவருக்காக அழுகிறவருக்கு நம் ஊரில் எல்லா முறையும் உண்டு. அடக்க ஆராதனை உண்டு, மூன்றாம் நாள் ஜெபம் உண்டு, ஊரார் வந்து உட்காருவார்கள். உயிரோடிருக்கும் பிள்ளையை இழந்தவருக்கு எதுவுமில்லை. அமெரிக்காவைச் சேர்ந்த பாலின் பாஸ் என்னும் அம்மையார் 1970-களில் வியட்நாம் போரில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்து, முடிவு தெரியாத இப்படிப்பட்ட இழப்பு மனிதரை உறையவைத்துவிடுகிறது என்று கண்டார். அழுது தீர்க்கவும் முடியாது, நம்பிக்கையை விடவும் முடியாது. கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி முதல் காணாமற்போன பிள்ளைகளின் படத்தைப் பிடித்துக்கொண்டு வீதியோரம் உட்கார்ந்த நம் இனத்துத் தாய்மாரின் துயரமும் இவ்வகையே. அந்தத் தாய்மாரைப் பார்த்து உலகம் இரங்குகிறது. இந்தப் பெற்றோரைப் பார்த்தோ ஊர், "பெற்ற பிள்ளையே வேண்டாம் என்கிறதென்றால் இவளிடம் ஏதோ இருக்கிறது" என்கிறது. அதுவே இரண்டாம் காயம்.

பிள்ளையைக் குற்றப்படுத்தாதீர்கள்

எந்த வீட்டில் உறங்கவேண்டுமோ அந்த வீட்டிற்கு ஏற்றதைத்தான் சிறுபிள்ளை பேசும். அது அதன் தற்காப்பு. 2017-ல் நம் உச்ச நீதிமன்றம், குழந்தைப் பருவம் முதல் தகப்பனிடமே வளர்ந்த ஒரு பெண் குழந்தையின் வழக்கில், பிள்ளை தாயிடம் போக விரும்பாததை மாத்திரம் வைத்து முடிவு செய்யக்கூடாது என்று கண்டு, தாய்க்குச் சாதகமாகத் தீர்ப்புக் கொடுத்தது. ஒரு பெற்றோர்மேல் வெறுப்பை ஊட்டி வளர்ப்பதன் கேட்டையும் அந்தத் தீர்ப்பு பேசியது.

அதே சமயம் ஓர் எச்சரிக்கை. பெற்றோரைப் பிள்ளை வெறுக்கும்படி செய்யப்படுவதை ஒரு தனி நோயாக அமெரிக்க மனநல மருத்துவர் ரிச்சர்ட் கார்ட்னர் 1985-ல் எழுதினார். அதற்குப் போதிய அறிவியல் ஆதாரம் இல்லை என்று பலர் மறுத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் அந்தச் சொல்லைத் தன் நோய்ப் பட்டியலின் சொல்லடைவிலிருந்து நீக்கிற்று. அடிக்கிற தகப்பனுக்குப் பயந்து பிள்ளை ஒதுங்கினாலும், தாய் தூண்டிவிட்டாள் என்று பழிபோட இந்தச் சொல் பயன்படுகிறது என்று 2023-ல் ஐக்கிய நாடுகள் சபையின் சிறப்பு அறிக்கையாளர் எச்சரித்தார். ஆகவே ஒரு பிள்ளை பெற்றோரில் ஒருவரைப் பார்க்க மறுத்தால், யாருடைய கட்சியிலும் உடனே சேராமல், ஏன் மறுக்கிறது என்று பொறுமையாய்க் கேட்டறியவேண்டும்.

இப்போது நாங்கள் செய்வது

பழைய தவறுக்குப் பின் சில ஒழுங்குகளை ஏற்படுத்திக்கொண்டோம். கணவன் மனைவி இருவரையும் முதலிலேயே ஒன்றாக உட்காரவைப்பதில்லை. ஒருவர் சொன்னதை அவர் சம்மதமின்றி மற்றவரிடம் சொல்வதில்லை. காரணம் தெரியாத நெஞ்சு வலியோடு வருகிறவரிடம் நர்ஸ் தனியாக, "வீட்டில் நிம்மதியாக இருக்கிறீர்களா?" என்று கேட்பார். உங்கள் காணிக்கையால் கதவு போட்ட ஒரு சிறு அறை கிடைத்தது. அந்தக் கதவின் அருமை அங்கே அழுதவர்களுக்குத் தெரியும்.

சட்ட உதவிக்கும் வழிகாட்டுகிறோம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அவர்களுடைய வருமானம் எவ்வளவாயிருந்தாலும் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. திண்டுக்கல்லில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பிள்ளையின் தற்காலிகப் பொறுப்பைத் தாய் கேட்கலாம். தாயானாலும் தகப்பனானாலும் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி நீதிமன்றத்தை நாடலாம். அங்கே முதலாவது பார்க்கப்படுவது பிள்ளையின் நலனே. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்ற எண்கள் உண்டு. இனி வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால், 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம். இந்த எண்களை உங்கள் சபை அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள்.

பிரிக்கப்பட்ட பெற்றோருக்கு நாங்கள் சொல்வது கொஞ்சமே. பிள்ளையைத் திருட்டுத்தனமாய்த் தூக்கிக்கொண்டு வராதீர்கள். பிள்ளையிடம் மற்றவரைப் பழிக்காதீர்கள். நீதிமன்றம் குறித்த நாளில், பிள்ளை பேசாவிட்டாலும், தவறாமல் போய் நில்லுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, பிள்ளைக்குச் சொல்ல நினைப்பதைத் தேதியோடு எழுதி வையுங்கள். ஒருநாள் அது தேடி வரும்போது, உன்னை மறக்கவில்லை என்பதற்கு அந்த நோட்டு சாட்சி சொல்லும்.

சபைக்கு ஒரு விண்ணப்பம்

நாம் ஒப்புரவாகுதலைப் பிரசங்கிக்கிற ஜனம். அது நமக்கு மகிமை. ஆனால் அவசர ஒப்புரவு ஆபத்து. கிறிஸ்தவப் பெண் கொடுமையை மாத்திரம் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்க, 1869-ஆம் ஆண்டின் சட்டம் 2001-ல் திருத்தப்படும் வரை இடமளிக்கவில்லை. சட்டம் மாறிவிட்டது. நம் சேகரக் கமிட்டிகளில் பலருடைய மனம் இன்னும் மாறவில்லை.

யோசேப்பைப் பாருங்கள். தன் சகோதரரைக் கண்டவுடன் அவன் தன்னை வெளிப்படுத்தவில்லை. அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று சோதித்துப் பார்த்தான். இளையவனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று யூதா முன்வந்த பின்புதான் கதறி அழுது, தான் யார் என்று சொன்னான். மன்னிப்பு இருதயத்திலிருந்து கொடுக்கப்படுவது. நம்பிக்கையோ கனிகளைப் பார்த்து வரவேண்டியது. "மன்னித்துவிட்டாயானால் திரும்பிப் போ" என்று இரண்டையும் ஒன்றாக்கி நாங்கள் ஒரு தாயைத் திருப்பி அனுப்பினோம். நீங்கள் அப்படிச் செய்யாதிருங்கள்.

அந்தத் தாயைப் பற்றிக் கேட்பீர்கள். வழக்கு நடந்தது. இரண்டு வாரத்திற்கு ஒருமுறை நீதிமன்ற வளாகத்தில் மகனைப் பார்க்க உத்தரவாயிற்று. முதல் பல மாதங்கள் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அவர்கள் ஒவ்வொரு முறையும் ஒரு டப்பாவில் பணியாரம் செய்துகொண்டு போவார்கள். தொடாமலே திரும்பி வரும். எங்களில் ஒருவர் அவர்களோடு பஸ்ஸில் திண்டுக்கல் போய்வருவோம். பேச ஒன்றுமிராது, கூட உட்கார்ந்திருப்போம். ஒருநாள் அவன் டப்பாவைத் திறந்து இரண்டு தின்றான். கிளம்பும்போது, "அடுத்த வாட்டி காரப் பணியாரம் கொண்டு வா" என்றான். "கொண்டு வாங்க" என்று சொல்லவில்லை.

அந்தப் பையன் இன்னும் தகப்பனோடுதான் இருக்கிறான். வாலிபனாகிவிட்டான். விடுமுறையில் தாயிடம் வருகிறான். எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஜீப் டிரைவரின் பெட்டியும் இன்னும் திறக்கப்படவில்லை. இந்த டிசம்பரில் பத்தாவது கவுன் வாங்குவார். அவருக்காக உங்கள் ஜெபக் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், கர்த்தருக்குத் தெரியும்.

உங்கள் சபையிலும் கடைசிப் பெஞ்சில் தனியே வந்து, சிறுவர் ஞாயிறு அன்று மாத்திரம் வராமலிருக்கும் ஒருவர் இருக்கலாம். அவரிடம் காரணம் கேட்கவேண்டாம். பக்கத்தில் போய் உட்காருங்கள்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.